அண்டா வாங்கும் முன் டம்ளரை எண்ணுங்கள்!

"வாங்குறதுதான் வாங்குற, பெரிசா வாங்கிப் போடு. பின்னாடி உதவும்."

இந்த ஒரே ஒரு வாக்கியத்தால் தமிழர் வீடுகளில் முடங்கிய பணத்தைக் கணக்கெடுத்தால் ஒரு துணை பட்ஜெட்டே போடலாம். மூன்று பேர் இருக்கும் வீட்டில் பத்து லிட்டர் குக்கர். தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் பரணிலிருந்து இறங்கும் இட்லிக் கொப்பரை. கொஞ்சமாகப் போட்டால் அரைபடாது என்பதற்காக நிறைய அரைத்து, வாரக் கடைசி வரை புளித்த மாவிலேயே தோசை சுட வைக்கும் பெரிய கிரைண்டர். வாங்கும்போது பெருமை. கழுவும்போதுதான் ஞானம் பிறக்கும்.

இந்த வியாதி முற்றிப்போன இடம் ஒன்று உண்டு. வீட்டில் பீர் தயாரிப்பவர்களின் உலகம். அங்கே புதிதாக நுழைபவருக்குக் கிடைக்கும் முதல் உபதேசம் இதுதான்: "நீ நினைக்கிறதை விடப் பெரிய பாத்திரமா வாங்கு. யாரும் சின்னப் பாத்திரம் வாங்கிட்டு நிம்மதியா இருந்ததில்ல." கேட்கும்போது அனுபவஸ்தர் வாக்கு மாதிரி இருக்கும். அடக்கவிலைக் கணக்கியலில் முதல் பாடம் படித்தவர்களுக்குக் கூட அதில் இருக்கும் ஓட்டை தெரிய வேண்டும். ஆனால் தெரிவதில்லை.

விஷயத்துக்குள் போகும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. புதுச்சேரியில் லைசென்ஸ் இல்லாமல் பீர் தயாரிப்பது குற்றம். 1970-ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. கோரிமேடு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. ஆகவே இது லாசுப்பேட்டை மொட்டை மாடிக்கான செய்முறை அல்ல. ஆனால் புதுச்சேரிப் பிள்ளைகள் புதுச்சேரியிலேயே இருந்துவிடுவதில்லையே! டிகிரி முடித்ததும் சிங்கப்பூர், லண்டன், அமெரிக்கா என்று கிளம்புகிறார்கள். அங்கே இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. முதல் சம்பளத்தில் முதலில் வாங்கும் தண்டச்செலவாக அந்த நாற்பது லிட்டர் பாத்திரம் ஆகிவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்தச் சண்டை.

முதலில், அப்படி என்னதான் செய்கிறார்கள்?

தமிழில் "காய்ச்சுவது" என்றாலே சாராயம் ஞாபகத்துக்கு வந்துவிடும். இது அது இல்லை. சாராயத்தில் ஆவியைக் குளிரவைத்து இறக்குவார்கள். பீரில் அந்த வேலையே கிடையாது. புளிக்க வைப்பதோடு சரி.

வீட்டு பீரில் இரண்டு வழி. ஒன்று, கடையில் விற்கும் மால்ட் பாகை வாங்கித் தண்ணீரில் கலந்து ஈஸ்ட் போடுவது. ரெடிமேட் சாம்பார் பொடி மாதிரி. இன்னொன்று, முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, உடைத்து, 65 முதல் 68 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றி, அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ஈஸ்ட் போடுவது. இதுதான் ஆல்-கிரெயின், முழுத்தானிய முறை.

இதற்கு ஊறவைக்க ஒரு பாத்திரம், கொதிக்கவைக்க ஒரு பாத்திரம், புளிக்கவைக்க ஒரு வாளி, நிரப்ப பாட்டில்கள் வேண்டும். ஆஸ்திரேலியர்கள் பிரபலமாக்கிய துணிப்பை முறையில் முதல் இரண்டும் ஒரே பாத்திரம்தான். தானியத்தைப் பையில் கட்டி இறக்கி, ஊறியதும் தூக்கிவிட்டு, அப்படியே அடுப்பைக் கூட்டிவிடலாம். டிப் டீ மாதிரி.

கேள்வி இதுதான்: இந்தப் பாத்திரங்கள் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

19 லிட்டர் எந்தச் சாமி கொடுத்த வரம்?

அமெரிக்கப் புத்தகம் எதை எடுத்தாலும் ஒரு தடவைக்கு 19 லிட்டர். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர் கிட் எதை எடுத்தாலும் 23 லிட்டர். ஏதோ ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த அளவு போல எல்லோரும் பயபக்தியோடு பின்பற்றுகிறார்கள்.

ரகசியம் ஒன்றுமில்லை. அமெரிக்க காலன் 3.785 லிட்டர். ஐந்து காலன் என்றால் 18.9. இங்கிலாந்து காலன் 4.546 லிட்டர். அதில் ஐந்து என்றால் 22.7. அவ்வளவுதான்! காலன் கணக்கில் வாழ்ந்தவர்கள் ஐந்து என்ற முழு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இது இன்னும் இறுகியதற்குக் காரணம் கார்னீலியஸ் கெக் என்ற ஸ்டீல் உருளை. கூல்டிரிங்க்ஸ் கம்பெனிகள் சிரப் அனுப்பப் பயன்படுத்திய ஐந்து காலன் உருளை அது. அவர்கள் கழித்துப்போட்டதை வீட்டு பீர்காரர்கள் மலிவு விலைக்கு வாங்கி பீர் நிரப்பினார்கள். ஈஸ்ட் கம்பெனியும் அதே அளவுக்கு 11 கிராம் பாக்கெட் போட்டது. புத்தகம் எழுதுபவரும் அதே அளவுக்குக் குறிப்பு எழுதினார்.

ஆக, சிங்கப்பூரில் ஓர் அறையில் தங்கியிருக்கும் அரியாங்குப்பத்துப் பையன் எவ்வளவு பீர் செய்ய வேண்டும் என்பதை என்றைக்கோ அமெரிக்காவில் கழித்துப்போட்ட ஒரு சிரப் டப்பா தீர்மானிக்கிறது. இதற்குப் பெயர் அனுபவமா, பழக்கதோஷமா?

கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்

பாத்திரத்திலிருந்து தொடங்கினால் எப்போதும் தப்பாகத்தான் முடியும். தொடங்க வேண்டியது டம்ளரிலிருந்து.

ஒருவர் வாரத்துக்கு இரண்டு பாட்டில் குடிப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தியப் பெரிய பாட்டில், 650 மில்லி. 19 லிட்டர் செய்தால் 29 பாட்டில் வரும். தீர்வதற்குப் பதினான்கு வாரத்துக்கு மேல் ஆகும். ஹாப்ஸ் மணம் அதற்கு முன்பே மங்கத் தொடங்கிவிடும். அதைவிடப் பெரிய நஷ்டம், அவர் வருஷத்துக்கு மூன்று அல்லது நான்கு முறைதான் இந்த வேலையைச் செய்வார். வருஷத்துக்கு நான்கு முறை சமைப்பவர் சமையல் கற்றுக்கொள்வாரா? முதல் தடவை செய்த தப்பு இரண்டாம் தடவைக்குள் மறந்தே போயிருக்கும்.

அதே ஆள் 10 லிட்டர் செய்தால் 15 பாட்டில். ஏழு வாரத்துக்கு ஒரு முறை. 5 லிட்டர் செய்தால் மாதம் ஒரு முறை, வருஷத்துக்குப் பதிமூன்று முறை. கைப்பழக்கம் லிட்டரில் வருவதில்லை, தடவையில்தான் வருகிறது.

சரி, 10 லிட்டர் பீர் வேண்டும் என்று முடிவானபின் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போனால் பாத்திரத்தின் அளவு தானாக வந்து நிற்கும்.

பாட்டிலில் 10 லிட்டர். வாளியின் அடியில் ஈஸ்ட் வண்டலோடு ஒரு லிட்டர் போகும். ஆகவே வாளிக்குள் 11 லிட்டர் போக வேண்டும். கொதித்த பாத்திரத்தின் அடியில் ஹாப்ஸ் சக்கையோடு இன்னொரு லிட்டர் தங்கும். ஆகவே கொதித்து முடியும்போது 12. ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாகப் போவதை இரண்டு லிட்டர் என்று வைத்தால், கொதிக்கும் முன் 14. ஐந்து சதவீத பீருக்கு மால்ட் சுமார் 2.75 கிலோ. ஒரு கிலோ மால்ட் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராது. ஆகவே மொத்தத் தண்ணீர் 16.75 லிட்டர். தண்ணீருக்குள் தானியம் பிடித்துக்கொள்ளும் இடம் கிலோவுக்கு 0.7 லிட்டர் போல. எல்லாம் சேர்த்தால் 18.7 லிட்டர்.

22 அல்லது 25 லிட்டர் பாத்திரம் ஒன்று போதும். கதை முடிந்தது. கொதி பொங்கும்போது 14 லிட்டருக்கு மேல் தாராளமாக இடம் இருக்கும்.

புளிக்கும் வாளி? இட்லி மாவு கரைத்த எந்த அம்மாவையும் கேட்கலாம். பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பி மூடிவைத்தால் காலையில் மேடையெல்லாம் மாவு. ஈஸ்ட்டும் அதே ஜாதிதான். 11 லிட்டருக்கு 15 லிட்டர் வாளி. அவ்வளவே.

இதே கணக்கை 19 லிட்டருக்குப் போட்டால் மால்ட் 5 கிலோ, மொத்தத் தண்ணீர் கிட்டத்தட்ட 30 லிட்டர், பாத்திரம் 38 அல்லது 40 லிட்டர். கல்யாண வீட்டு ரசம் வைக்கும் சைஸ்.

இதில் ஆவியாகும் அளவை மட்டும் யாருடைய புத்தகத்திலிருந்தும் எடுக்கக்கூடாது. அது பாத்திர வாயின் அகலத்தையும் அடுப்பின் வேகத்தையும் பொறுத்தது. வெறும் தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அளந்தால் தெரிந்துவிடும். முக்கியமான விஷயம், உள்ளே 10 லிட்டர் இருந்தாலும் 20 லிட்டர் இருந்தாலும் அதே பாத்திரம் அதே தீயில் கிட்டத்தட்ட அதே அளவைத்தான் ஆவியாக்கும். பெரிய அகலமான பாத்திரத்தை வாங்கி அதில் கொஞ்சமாகச் செய்பவருக்கு பீர் வருவதில்லை, பாகுதான் வருகிறது.

லிமிட்டிங் ஃபேக்டர் எது?

காமர்ஸ் மாணவர்களுக்கு இது மனப்பாடம். ஒரு தொழிற்சாலையின் உற்பத்தியைத் தீர்மானிப்பது அதன் மிகப் பெரிய மெஷின் அல்ல, மிகச் சிறிய மெஷின். ஒரு இடத்தில் மணிக்கு 100, அடுத்த இடத்தில் மணிக்கு 40 என்றால் வெளியே வருவது 40தான். மீதி 60 சும்மா நிற்கும் திறன். அதற்குப் போட்ட காசு முடங்கிய காசு.

வீட்டு பீரில் பாத்திரம் ஒருபோதும் லிமிட்டிங் ஃபேக்டர் இல்லை. நிஜமான முட்டுக்கட்டைகள் வேறு.

முதலாவது, அடுப்பு. இரண்டு மடங்கு தண்ணீருக்கு இரண்டு மடங்கு வெப்பம் வேண்டும். வீட்டு காஸ் அடுப்பு அதைத் தராது. அதனால் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சூடு ஏற ஏற பாத்திரத்தின் பக்கவாட்டில் இழக்கும் வெப்பமும் கூடுவதால், சில அடுப்புகளில் 27 லிட்டர் சலசலவென்று கொதிக்கவே கொதிக்காது, சும்மா முனகிக்கொண்டிருக்கும். கொதி பலமாக இல்லாவிட்டால் வேண்டாத வாசனைகள் பீரிலேயே தங்கிவிடும். போதாததற்கு 40 லிட்டர் பாத்திரத்தின் அடிப்பாகம் பக்கத்து பர்னரையும் சேர்த்து மூடும். கண்ணாடி அடுப்பென்றால் அந்தக் கனத்துக்கு அதன் கதி என்னவாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

இரண்டாவது, கை. 2.75 கிலோ மால்ட் ஊறியபின் பையோடு ஐந்தரை கிலோ. தூக்கிப் பிடிக்கலாம். 5 கிலோ மால்ட் ஊறினால் பத்து கிலோ, எடுத்தவுடன் சொட்டச் சொட்ட இருக்கும்போது அதற்கும் மேல். சூடு 67 டிகிரி. கீழே கொதிக்கப்போகும் 25 லிட்டர் சர்க்கரைத் தண்ணீர். வெறும் வெந்நீர் கொட்டினால் வழிந்து ஓடிவிடும். இது தோலில் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை ஆளாகச் செய்பவர்கள் இதை வீரம் என்று நினைக்கக்கூடாது.

மூன்றாவது, ஆறவைப்பது. புத்தகம் எழுதியவர்களின் ஊரில் குழாயைத் திறந்தால் ஜில்லென்று தண்ணீர் வரும். செம்புச் சுருளை உள்ளே விட்டுக் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டால் இருபது நிமிஷத்தில் 20 டிகிரி. சிங்கப்பூரிலோ புதுச்சேரியிலோ அந்தப் பேச்சே இல்லை. மே மாதம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் குளிக்கவே முடியாது. குழாய்த் தண்ணீர் 30 டிகிரி என்றால் என்ன சுருள் போட்டாலும் 30க்குக் கீழே இறங்காது. மீதிப் பத்து டிகிரியை ஐஸ்தான் இறக்க வேண்டும். 11 லிட்டர் பாத்திரத்தைத் தொட்டியில் ஐஸ் போட்டு உட்கார வைக்கலாம். 21 லிட்டருக்கு ஐஸ் கடைக்குத்தான் போக வேண்டும்.

நாலாவது, ஃபிரிட்ஜ். சாதாரண ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால்தான் ஒழுங்காக வேலை பார்க்கும். மேலே போனால் பழுத்த வாழைப்பழ வாசனை, இன்னும் போனால் வார்னிஷ் வாசனை. (நார்வேயின் குவைக் ஈஸ்ட் மட்டும் 35 டிகிரியிலும் சந்தோஷமாக இருக்கும்.) புளிக்கும்போது ஈஸ்ட்டே சூட்டைக் கிளப்பும். அளவு பெருகப் பெருக, கொள்ளளவோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு குறையும், சூடு உள்ளேயே தங்கும். 15 லிட்டர் வாளியைத் தட்டை எடுத்துவிட்டுப் பழைய ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜில் வைக்கலாம், அல்லது தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரத்துணி சுற்றி ஃபேன் போடலாம். 30 லிட்டர் வாளிக்குத் தனி ஃபிரிட்ஜ் வேண்டும். பாத்திரம் பெரிதாக வாங்கியவர் கடைசியில் ஃபிரிட்ஜும் வாங்குகிறார். கரண்ட் பில் தனி.

இந்த நாலில் மிகச் சின்னது எதுவோ அதுதான் அவரவருடைய அளவு. அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு லிட்டரும் பரணுக்கு வாங்குவது.

எதிர்க்கட்சி வாதங்கள்

எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு சொல்வது நியாயம் இல்லை.

"பத்து லிட்டருக்கும் இருபது லிட்டருக்கும் அதே அஞ்சு மணி நேரம்தானே?" பெரிய பாத்திரக் கட்சியின் பலமான வாதம் இதுதான். பாதி உண்மை. ஊறும் ஒரு மணி, கொதிக்கும் ஒரு மணி இரண்டும் மாறாது. ஆனால் சூடேறும் நேரம், ஆறும் நேரம், பாட்டில் கழுவும் நேரம் மூன்றும் அளவோடு கூடவே வளரும். 29 பாட்டிலைக் கழுவி, கிருமி நீக்கி, நிரப்பி, மூடி அடித்தவரிடம் போய் "அதே நேரம்தானே" என்று சொல்லிப் பார்க்கட்டும். அது போக, நேரத்தை மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் கடையிலேயே பீர் கிடைக்குமே! வேலையே பொழுதுபோக்கு என்று வந்தபின் வேலை நேரத்தைச் செலவில் எழுதுவது எந்தக் கணக்கியல்?

"சின்னதா வாங்கினா நாளைக்கு மறுபடி பெரிசு வாங்கணும், ரெண்டு செலவு." இதற்குப் பதில் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. வாடகைப் பாத்திரக் கடை! பெண் கல்யாணம் வரும் என்பதற்காக யாரும் ஐந்நூறு பேருக்குச் சோறு வடிக்கும் அண்டாவை வாங்கி வீட்டில் வைப்பதில்லை. அன்றைக்கு வாடகைக்கு எடுத்து அடுத்த நாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். தேவை வரும் வரை காத்திருக்கத் தெரிந்த சமூகம் இது. வீட்டு பீர் என்று வந்ததும் மட்டும் ஏன் புத்தி கெட்டுப்போக வேண்டும்? தவிர, நாளைக்கு நிஜமாகவே பெரிதாகப் போனால் 25 லிட்டர் பாத்திரம் குப்பைக்குப் போகாது. தானியத்தை அலசும் வெந்நீர் வைக்க உதவும். பிரியாணிக்கும் உதவும் :-)

"சின்ன அளவில் தப்பு பெரிசாத் தெரியும்." இது முழு உண்மை. ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 20 லிட்டரில் ஒரு லிட்டர் தப்பாக அளந்தால் ஐந்து சதவீதம். 5 லிட்டரில் அதுவே இருபது சதவீதம். பாட்டிலில் போடும் சர்க்கரையைத் தப்பாக அளந்தால் பாட்டில் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. கொஞ்சமாக ஊறும் மால்ட் சீக்கிரம் ஆறியும் போகும். பதில் சுலபம்: பாத்திரத்தில் மிச்சமாகும் காசில் கிராம் தராசு ஒன்றும் நல்ல தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கி, ஊறும்போது பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றிவிட வேண்டியதுதான். ஆறிப்போகும் என்று பயந்து பெரிய ஊறல் பாத்திரம் வாங்குவது அதைவிட மோசம். கால்வாசி மட்டும் நிரம்பிய பாத்திரத்தில் மீதி முக்கால்வாசியும் காற்று. அந்தக் காற்று சூட்டைத் தின்றுவிடும். தானியப் படுகையும் வடிகட்டும் அளவுக்கு ஆழமாக இருக்காது.

மிச்சம் எங்கே போகும்?

இதுவரை சொன்னதெல்லாம் காசு, வசதி சம்பந்தப்பட்டது. நிஜமான ஆபத்து அடுத்ததுதான்.

தேவைக்கு மேல் செய்த பீருக்கு மூன்றே வழிகள். ஒன்று சாக்கடை. ஐந்து மணி நேரம் உழைத்தவர் யாரும் சாக்கடையில் ஊற்ற மாட்டார். இரண்டு, அவர் வயிறு. வாரத்துக்கு இரண்டு குடித்தவர், ஃபிரிட்ஜில் இருபத்தொன்பது நின்றால் "பழசாயிடும்" என்ற சாக்கில் நாலாக்குவார், ஐந்தாக்குவார். பாத்திரம் பெருத்ததால் குடியும் பெருத்தது என்பது நகைச்சுவை அல்ல, சரக்கு மேலாண்மை. மூன்று, அடுத்தவர் பாக்கெட். முதலில் ஓசியில் கொடுப்பார். அப்புறம் "மால்ட் செலவுக்கு மட்டும் கொடுங்க" என்பார். அந்த நொடியில் பொழுதுபோக்கு முடிந்து சட்டமீறல் தொடங்கிவிடும்.

சிங்கப்பூர் இதை ஒரே எண்ணில் புரிந்துகொண்டிருக்கிறது. 2004 முதல் அங்கே வீட்டில் பீர் செய்யலாம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு மட்டும், விற்கக்கூடாது. சாராயம் இறக்குவது கூடவே கூடாது. ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர். ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. ஒரு வீவக வீட்டில் நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு இருந்தாலும் மொத்தமே 30தான்.

இப்போது அந்த அமெரிக்கப் புத்தகத்தையும் ஆங்கிலேயர் கிட்டையும் இங்கே கொண்டு வந்து வைத்துப் பார்க்கலாம். 23 லிட்டர் கிட்: மாதம் ஒரு தடவை போட்டால் 7 லிட்டர் உரிமை வீண். இரண்டு தடவை போட்டால் 46, சட்டமீறல். 19 லிட்டர்: இரண்டு தடவை என்றால் 38, அதுவும் மீறல். 15 லிட்டர் இரண்டு தடவை, சரியாக 30. 10 லிட்டர் மூன்று தடவை, சரியாக 30. அதே 30 லிட்டரில் மாதத்துக்கு மூன்று முறை கற்றுக்கொள்ளும் வாய்ப்பு. சிரப் டப்பா அளவைக் கும்பிட்டவர்களுக்கு அது ஒரே முறை. சட்டமே பாத்திரத்தின் அளவை எழுதிக் கையில் கொடுத்த பிறகும் 40 லிட்டர் வாங்குபவரை என்ன சொல்வது?

அமெரிக்காவில் உச்சவரம்பு தாராளம். 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி ஒரு பெரியவருக்கு வருஷத்துக்கு 100 காலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 200 காலன். பிரிட்டனில் 1963-இல் வீட்டு பீருக்கான லைசென்ஸே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் உச்சவரம்பு என்பது இலக்கு அல்ல. கிரெடிட் கார்டு லிமிட் மாதிரிதான் அது. இருக்கிறது என்பதற்காக யாரும் முழுசாகத் தேய்த்துவிடக்கூடாது.

கலயம் சொல்லும் பாடம்

இதையெல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. புதுச்சேரியில் கள்ளுக்கடை சட்டப்படியே நடக்கிறது, அரசே ஏலம் விடுகிறது. அந்தக் கள் எந்தப் பாத்திரத்தில் உருவாகிறது? மரத்தின் உச்சியில் பாளையில் கட்டிய சின்ன மண் கலயத்தில். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் இறக்கும் முன்பே கள்.

ஏன் யாரும் பனைமரத்தில் அண்டா கட்டவில்லை? பாளை ஒரு நாளில் சுரப்பது அவ்வளவுதான். ஏறுபவர் இடுப்பில் சுமந்து இறங்க முடிவது அவ்வளவுதான். கள் புளித்துப் போவதற்குள் விற்கக்கூடியதும் அவ்வளவுதான். மூன்று லிமிட்டிங் ஃபேக்டர்கள், அதற்கேற்ற ஒரு கலயம். அடக்கவிலைக் கணக்கியல் படிக்காத ஒருவர் பரம்பரையாகச் சரியாகப் போட்ட கணக்கு இது. பி.காம். படித்தவர்கள் தப்பாகப் போடுவதுதான் வெட்கம்.

பூஜ்யமும் ஓர் அளவுதான்

கடைசியாக, சட்டம் போடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுச்சேரிக்குத் தெரிந்த அளவுகள் இரண்டுதான். ஒரு பக்கம் லைசென்ஸ் பெற்ற தயாரிப்பு. இன்னொரு பக்கம் பூஜ்யம். நடுவில் ஒரு வாளி என்ற பேச்சே இல்லை. "விட்டால் விஷச்சாராயம் பெருகும்" என்று பதில் வரும். 2023 மே மாதம் பக்கத்திலேயே மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் உயிர்கள் போயின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. இரண்டு இடத்திலும் கொன்றது மெத்தனால். வாளியில் ஊறிய பார்லி இல்லை. தொழிற்சாலைக்குப் போக வேண்டிய விஷம் பாக்கெட்டில் போய்ச் சேர்ந்த கதை அது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது, சிலிண்டர் வெடிக்கும் என்று அகல் விளக்கைத் தடை செய்வது போல.

நாளைக்கே அனுமதி கொடுக்க வேண்டும் என்பதல்ல வாதம். கொடுக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது சட்டசபையின் உரிமை. ஆனால் என்றைக்காவது கொடுப்பதாக இருந்தால் காகிதக் கட்டும் கட்டணப் பட்டியலும் வேண்டாம். வீட்டுக்கு மாதம் இத்தனை லிட்டர், விற்பனை கூடாது, இறக்குவது கூடாது என்று மூன்று வரி போதும். சின்ன அளவு என்பது அதிகாரிக்கும் சுலபம், அண்டை வீட்டாருக்கும் நிம்மதி, குடிப்பவருக்கும் கடிவாளம்.

அதுவரை இது வெளியூர் போகும் பிள்ளைகளுக்கான கணக்கு. கடைக்குள் நுழைந்ததும் "எவ்வளவு பெரிசு இருக்கு?" என்று கேட்பவருக்குக் கடைக்காரர் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். "பத்து லிட்டர் பீருக்கு எது சரியா இருக்கும்?" என்று கேட்பவரைக் கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் பார்ப்பார். கடைக்காரர் முகம் வாடினால் வாடட்டும்.

கொசுறு: 11 கிராம் ஈஸ்ட் பாக்கெட்டில் 10 லிட்டருக்குப் பாதி போதும். மீதியைக் காற்றுப் புகாமல் மடித்து ஃபிரிட்ஜில் வைத்து, சீக்கிரமே அடுத்த தடவைக்குப் பயன்படுத்திவிட வேண்டும். பாக்கெட்டில் மீதி இருக்கிறதே என்று பீரை இரண்டு மடங்காக்கக் கிளம்புபவர்கள், தயவுசெய்து முதல் பத்தியிலிருந்து மறுபடியும் படிக்கவும்.